கெர்னலுக்கு மூளை வேண்டாம்

இன்ஜினியரிங் முடித்த அண்ணன் குமரகுருபரன், கொக்கிரகுளத்தில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து சொந்தமாக ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதினான். அப்பா வங்கித் தேர்வு எழுதச் சொன்னார், மாட்டேன் என்றான். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. அவருக்குச் சொல்ல வேண்டியதை அவன் என்னிடம் சொல்வான். அப்பாவும் அப்படியே. ஒன்பதாம் வகுப்போடு என்னை நிறுத்தியது இந்த வேலைக்குத்தான் போல.

"மைக்ரோகெர்னல்னா உனக்கு விளங்காதுட்டி" என்று சொல்லிவிட்டு விளக்குவான். கேட்க வீட்டில் வேறு ஆள் கிடையாது. ஸ்கிரீன் ஒரு ஆப்ஜெக்ட், ஃபைல் ஒரு ஆப்ஜெக்ட். ஒன்றுக்குள் இன்னொன்று கை வைக்கக் கூடாது, செய்தி அனுப்பித்தான் கேட்க வேண்டும்.

"நடுவுல கெர்னல் இருக்கு. இங்கன வாங்கி அங்கன குடுக்கும். அதுக்கு மூளை வேண்டாம்." சொல்லும்போது என்னைப் பார்த்தான்.

ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் வேலை பார்க்க ஒரே ஒரு த்ரெட், ஒற்றை வேலையாள் மாதிரி. கேள்வி அனுப்பிவிட்டால் பதில் வரும்வரை அது தூங்கும். வேறு யார் கூப்பிட்டாலும் எழும்பாது. இரண்டாவது த்ரெட் வைப்பது கையாலாகாதவன் வேலையாம்.

பெங்களூர் கம்பெனி ஒன்று அதைக் காட்டச் சொன்னது. பிடித்தால் வேலை. திருநீறு பூசிக்கொண்டு வீடியோவில் உட்கார்ந்தான். ஸ்கிரீன், எழுத்துருவைக் கேட்டு ஃபைலுக்குச் செய்தி அனுப்பியது. 'படிக்கிறேன் என்று காட்டு' என ஃபைல் ஸ்கிரீனுக்கு அனுப்பியது. இரண்டும் பதிலுக்காகத் தூங்கின.

"தம்பி, ஒண்ணும் அசையலியே?" என்றார் கம்பெனிக்காரர்.

"நெட் ஸ்லோ சார்."

"நெட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணிக் காட்டுங்க. இல்லேன்னா வேற ஆளப் பாக்கோம்."

கையாலாகாதவனாகி இரண்டாவது த்ரெட்டை எழுதத் தொடங்கினான். மத்தியானம் கரண்ட் போனது. அவன் லேப்டாப் பேட்டரி கொஞ்ச நேரம்தான் தாங்கும். மாடிக்குப் போகும் இன்வெர்ட்டர் லைனை அப்பா அணைத்து வைத்திருந்தார். சுவிட்ச் கூடத்தில், அவர் நாற்காலிக்கு மேலே.

"ஏட்டி, அவர்ட்ட சுவிட்சப் போடச் சொல்லு!"

இறங்கிப் போய்ச் சொன்னேன்.

"தொரை கீழ எறங்கி வந்து, வாயத் தொறந்து கேக்கட்டும்" என்றார் அப்பா, செய்தித்தாளால் விசிறிக்கொண்டே.

ஏறிப் போய்ச் சொன்னேன்.

"என் வேலையப் பத்தி அவரு என்னைக்காவது ஒரு வார்த்த கேட்டிருக்காரா? மொதல்ல அவரு கேக்கட்டும். போய்ச் சொல்லு!"

இறங்கினேன். சுவிட்ச் என் கைக்கு எட்டும் உயரம்தான். அதைத் தாண்டி அடுக்களைக்குப் போய்ச் சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன்.

"ஏட்டி, என்ன சொன்னாரு?" மேலிருந்து.

"என்னட்டி சொல்லுதான் அவன்?" கூடத்திலிருந்து.

படித்த ஆண்பிள்ளைகள் இரண்டு பேர், ஒரு படிக்கட்டின் இரண்டு முனையில், என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். மாடியில் லேப்டாப் ஒருமுறை கீச்சென்று கத்தி அணைந்தது.

வெங்காயம் இன்னும் பாதி இருந்தது.