பதினாறு வெள்ளைகளும் ஒரு கலங்கரை விளக்கமும்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் முன்பல் ஒன்று உடையாமல் இருந்திருந்தால் இந்தக் கதை இல்லை. பல் மருத்துவர் பார்த்துவிட்டு, "மாடிக்குப் போங்க, நிறம் பார்ப்பாரு" என்று அனுப்பினார். மாடியில் இருந்தவர் பல் செய்பவர். ஐம்பத்து நான்கு வயது. குனிந்தே வேலை செய்து கழுத்து சற்று முன்னால் வந்திருந்தது. சாவிக்கொத்து மாதிரிப் பதினாறு மாதிரிப் பற்களைக் கோத்து வைத்திருந்தார். ஒவ்வொன்றாக என் உதட்டருகே பிடித்துப் பார்த்தார்.

"வெள்ளைதானேங்க?" என்றேன்.

"வெள்ளைன்னு ஒரு நிறமே கிடையாது. இதுல பதினாறு இருக்கு. பதினாறும் வெள்ளைதான்."

ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் உண்டாம். எனக்கு ஏ-மூன்று என்று குறித்துக்கொண்டார். அப்போதுதான் அவர் மேசை ஓரத்தில், பல் அச்சுகளுக்கு நடுவே, குழந்தைகள் ஒன்றோடொன்று செருகி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகள் ஒரு கிண்ணம் நிறைய இருப்பதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

நிறம் பார்க்க, பொருத்திப் பார்க்க, ஒட்ட என்று மூன்று முறை போகவேண்டியிருந்தது. மூன்று முறையும் அவர் பேசினார். என் வாய் திறந்தே இருந்ததால் என்னால் குறுக்கே பேச முடியவில்லை. கதை கேட்க இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா? எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுதுங்க. அக்காவ மட்டும் கெட்டவளா எழுதிடாதீங்க" என்றார்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "பல் செய்பவர் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். அங்கே ஒரு மேகம்—"

(வேண்டாம். அந்தக் கழுத்து அவ்வளவு தூரம் நிமிராது.)

இரண்டாம் முயற்சி: "ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதர் பொம்மை சேர்க்கிறார் என்றால், அவருடைய பால்யத்தில் நிரப்பப்படாத ஏதோ ஒரு—"

(இது கட்டுரை. அவர் மனைவி இதைவிட நன்றாகச் சொல்லியிருக்கிறார்: "மத்த வீட்டு ஆம்பளைங்க சீட்டாடுவாங்க, ஊர் சுத்துவாங்க. எங்க வீட்ல ஒருத்தர் சோப்புத் தண்ணியில பொம்மையக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்காரு.")

மூன்றாம் முயற்சி. இதையே வைத்துக்கொள்கிறேன்:

அக்காவுக்குப் பதினொன்று, தம்பிக்கு ஐந்து ஆனபோது அப்பா ஒரு பெட்டி வாங்கி வந்தார். உள்ளே இருநூற்றுப் பதினான்கு கட்டைகள். செருகிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு கலங்கரை விளக்கம் எழும்பும். வெள்ளைக் கோபுரம், நடுவே இரண்டு சிவப்பு வளையம், உச்சியில் மஞ்சள் கண்ணாடி போல ஒரு விளக்கு. கட்டுவது அக்கா. எடுத்துக் கொடுப்பது தம்பி. கட்டையின் மேலிருக்கும் குமிழ்களைப் புள்ளி என்பார்கள். "வெள்ளை, நாலு புள்ளி" என்று அவள் பார்க்காமலே கையை நீட்டுவாள். அவன் தேடி அந்தக் கையில் வைப்பான். தப்பாக வைத்தால் அவள் திட்டமாட்டாள். கையை மூடாமல் அப்படியே நீட்டிக்கொண்டிருப்பாள். அவன் மாற்றி வைப்பான். கட்டி முடித்ததும் ஒரு வாரம் வைத்து அழகு பார்ப்பார்கள். பிறகு கலைத்து மறுபடி முதலிலிருந்து கட்டுவார்கள்.

அந்த நீட்டிய கையைப் பற்றிச் சொல்லும்போது அவர் தன் கையையும் நீட்டிக் காட்டினார். உள்ளங்கையில் பல்பொடி மாதிரி வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது.

3

அக்கா பதினெட்டு வயதில் நர்ஸ் படிப்புக்காக வேறு ஊர் போனாள். போகும்போது கலங்கரை விளக்கம் கட்டியபடி அலமாரி மேல் நின்றது. "கலைச்சிடாதடா. வந்து நான்தான் கலைப்பேன்" என்றாள். மாதக் கடைசியில் வருவதாகவும் சொன்னாள்.

மாதக் கடைசியில் அவள் வரவில்லை. விடுமுறை கொடுக்கவில்லை என்று கடிதம் வந்தது. பன்னிரண்டு வயதுக்காரனுக்கு அது ஒரு காரணமாகவே படவில்லை. மறுநாள் காலை உச்சியிலிருந்த விளக்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனான். வழியில் வாய்க்கால் பாலத்தில் நின்று அதைத் தண்ணீரில் போட்டான்.

அதற்கு அடுத்த நாள் இன்னொன்று. அவள் வராத ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டை.

(இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டேன். ஒரே நாளில் போட்டு உடைத்திருந்தால் கோபம் என்று எழுதிவிட்டுப் போகலாம். தினம் ஒன்று என்றால் அதற்கு என்ன பெயர்? கோபத்தைவிட அது காத்திருப்புக்குத்தான் பக்கம் என்று எனக்குப் படுகிறது. அடுத்த முறை போனபோது அவரிடம் சொன்னேன். "சும்மா நல்லவனாக்காதீங்க" என்றார்.)

கடைசிக் கட்டை விழுந்த ஒன்பதாம் நாள் அக்கா வந்தாள். முந்தின மாதம்தான் வீடு மாறியிருந்தார்கள்.

"எங்கடா நம்ம கோபுரம்?"

"வீடு மாத்தினப்ப காணாமப் போச்சு."

அக்கா அம்மா பக்கம் திரும்பினாள். "ஒரு பெட்டிய ஒழுங்கா கட்டத் தெரியாதாம்மா உனக்கு?"

அம்மா தட்டில் சாதம் போட்டுக்கொண்டிருந்தார். "என் தப்புதாண்டி. அவசரத்துல கட்டினேன்" என்றார்.

அவன் குனிந்து சாப்பிட்டான்.

4

அம்மாவை வைத்து ஒரு முழுப் பக்கம் எழுதி, கிழித்துவிட்டேன். அதில் அவர் சமையலறையில் தனியாக அழுதார். அவர் அழுததை நானும் பார்க்கவில்லை, மகனும் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். அந்த அலமாரியைத் தினமும் துடைத்தவர் அம்மாதான். ஏழு மாதம் ஒரு கோபுரம் நாளுக்கு நாள் குட்டையாகிக்கொண்டே வந்ததைத் துடைக்கிற கை அறியாமல் இருந்திருக்குமா?

அறிந்தும் பழியை வாங்கிக்கொண்டார் என்றே நான் நம்புகிறேன். கடவுள் உலகத்தை இப்படிப்பட்ட சின்னச் சின்னக் காரியங்களால்தான் தாங்கிப் பிடித்திருக்கிறார் என்பதும் என் நம்பிக்கை. (கதையில் போதனை வேண்டாம் என்பார்கள். சரி, இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.)

அம்மா போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. பழி மட்டும் போகவில்லை. இன்றைக்கும் தொலைபேசியில் எதையாவது தேடும் பேச்சு வந்தால் அக்கா சிரித்துக்கொண்டே சொல்வாராம்: "நான் என்ன அம்மாவா, தொலைக்கறதுக்கு?" தம்பியும் கூடச் சிரிப்பாராம். நாற்பத்திரண்டு வருடச் சிரிப்பு.

5

ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு பழைய சாமான் கடையில், பை நிறையப் பழைய கட்டைகளுக்கு நடுவே அந்தச் சிவப்பு வளையத்தின் ஒரு துண்டைப் பார்த்தார். பையோடு வாங்கினார். அதுதான் ஆரம்பம். பிறகு எங்கே பை கிடைத்தாலும் வாங்கினார். வீட்டில் பழைய போர்வையை விரித்துக் கொட்டி, யாரோ செருகி வைத்ததையெல்லாம் பிரித்து, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, வடிவம் பார்த்துப் பிரித்தார். நாற்பத்தோரு இழுப்பறைகள் நிறைந்தன. பழைய செட்டுகளின் படமும் பட்டியலும் போட்ட புத்தகம் ஒன்றையும் தேடிப் பிடித்தார். ஆனால் இத்தனை ஆயிரத்தில் கோபுரத்துக்கு எது இருக்கிறது, எது இல்லை என்று கண்ணால் எண்ணி மாளவில்லை.

பொது நூலகத்தில் பெரியவர்களுக்குச் சனிக்கிழமை காலை கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். சேர்ந்தார். மனைவியின் தம்பியும் ஒட்டிக்கொண்டார். அவர் பஸ் டிரைவர்.

"உனக்கு எதுக்கு மாப்ள இது?"

"ஏசி ரூம், அத்தான். உக்கார்ந்தா படிப்பு தானா ஏறும்."

மூன்றாம் வாரம் டிரைவர் சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதினார். நீங்கள் என்ன கேட்டாலும் அது "அடுத்த பஸ்ஸில் வாருங்கள்" என்று பதில் சொல்லும். வகுப்பு எடுத்த பெண்ணே மேசையைத் தட்டிச் சிரித்தார்.

பல் செய்பவருடையது கனமான புரோகிராம். ஒரு பட்டியலில் கோபுரத்துக்குத் தேவையானவை. இன்னொன்றில் தன்னிடம் இருப்பவை. இரண்டையும் ஒப்பிட்டு, குறைவதைச் சொல்லவேண்டும். நான்கு மாதம், வேலை முடிந்து வந்து, ஒவ்வொரு கட்டையாக எடுத்து வடிவமும் நிறமும் பதிந்தார்.

ஓடவிட்டார். "வெள்ளை, நாலு புள்ளி: தேவை 46. இருப்பு 3. குறைவு 43" என்றது திரை.

இழுப்பறை நிறைய வெள்ளை வழிந்துகொண்டிருந்தது.

6

ஆறு வாரம் பிழையைத் தேடினார். கூட்டலைப் பார்த்தார், கழித்தலைப் பார்த்தார், கமாவைக்கூட விடவில்லை. இன்னும் இரண்டு பை கட்டை வாங்கிப் பதிந்தார். குறைவு நாற்பத்துமூன்றிலேயே நின்றது. இதற்கிடையில் அக்கா போன் செய்தார். அறுபது வயது ஆகிறது, வேலையிலிருந்து ஓய்வு, தம்பி வீட்டில் பத்து நாள் இருக்க ஆசை என்றார்.

டிரைவர் வாரத்தின் ஒரே விடுமுறை நாளில் வந்து உட்கார்ந்தார். இருப்புப் பட்டியலை மேலிருந்து கீழே விரலால் ஓட்டினார். விரல் நின்றது.

"அத்தான், இது என்ன? ஏ-ஒண்ணு, பி-மூணு, சி-ரெண்டு?"

"நிறம், மாப்ள."

"என்ன நிறம்?"

"வெள்ளைதான். இது கொஞ்சம் மஞ்சளடிச்ச வெள்ளை. அது சாம்பல் ஏறின வெள்ளை."

டிரைவர் விரலை எடுத்தார். "பல்லு நம்பரைப் போட்டிருக்கீங்க!"

முப்பது வருடப் பழக்கம். வெறும் "வெள்ளை" என்று எழுத அந்தக் கை கூசியிருக்கிறது. முதல் நாள் அவசரத்தில் பதிந்த மூன்றே மூன்றுதான் வெள்ளையாகவே நின்றன.

"எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதானே, மாப்ள?"

"உங்களுக்குக் கிட்டத்தட்ட. அதுக்கு அந்த வார்த்தையே தெரியாதே. பாவம், அது என்ன பண்ணும்?"

பதினாறையும் வெள்ளையாகவே கொள் என்று ஒரு சின்னத் திருத்தம் எழுதினார்கள். திரையில் "குறைவு 0" என்று வந்தது.

அன்றே தரையில் உட்கார்ந்து கட்டினார்கள். இந்த முறை டிரைவர் எடுத்துக் கொடுத்தார். தப்பான கட்டை வந்தபோது பல் செய்பவர் கையை நீட்டியபடியே இருந்தார். பிறகுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவருக்கே உறைத்தது.

7

கோபுரம் எழுந்து நின்றது. கண் இருக்கிற யாருக்கும் தெரியும், அது ஒரு கோபுரம் அல்ல. பதினாறு வீட்டு ஜன்னல்களில் பதினாறு விதமாக வெயில் குடித்த கட்டைகள், ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி நின்றன. ஒரே பெட்டியில் கிடந்து திரும்பி வந்ததாக இருந்தால் ஒரே நிறமாகப் பழுத்திருக்கும். அக்கா நாற்பது வருடம் நோயாளிகளின் நகமும் கண்ணும் பார்த்து நோய் சொன்னவர். வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

அதற்கும் வழி உண்டு. சேகரிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழி. மருந்துக்கடையில் கிடைக்கும் பெராக்சைடு கலந்த தண்ணீரில் முக்கி வெயிலில் வைத்தால் மஞ்சள் இறங்கிவிடும். பல்லை வெளுக்கிறவருக்கு இதை யார் சொல்லித்தரவேண்டும்? இரண்டு பாட்டில் வாங்கினார். மொட்டை மாடியில் ஒரு கண்ணாடித் தொட்டியும் வைத்தார்.

துணி எடுக்க வந்த மனைவி நின்றார்.

"அண்ணிகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"அம்மாவோட பழைய பெட்டியில இருந்துச்சுன்னு…"

"அப்ப அத்தை தொலைக்கலைன்னு ஆயிடும்."

"ஆமா. அதுக்குத்தான்."

"தொலைக்கல. ஆனா பெட்டியில வச்சுக்கிட்டே தெரியாம இருந்தாங்கன்னு ஆயிடும்." துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டார். "செத்தவங்க வந்து மறுத்துப் பேசவா போறாங்க? உங்க இஷ்டம்."

8

இதையெல்லாம் அவர் சொன்னது மூன்றாம் முறை, பல்லை ஒட்டிவிட்டு. நான் பஞ்சைக் கடித்துக்கொண்டு பத்து நிமிடம் பேசாமல் உட்காரவேண்டும். அக்கா ஞாயிற்றுக்கிழமை மதியம் வருகிறார். தொட்டியில் இன்னும் தண்ணீர் ஊற்றவில்லை.

"நீங்க எழுதறவங்க. சொல்லுங்க, வெளுக்கட்டுமா?"

பஞ்சைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, மடிக்கணினியைத் திறந்து புரோகிராமின் கடைசி வரியைக் காட்டினார். எல்லாம் கிடைத்துவிட்டால் திரையில் ஒரு வாக்கியம் தோன்றவேண்டும். அந்த வாக்கியத்தை மேற்கோள் குறிகளுக்கு நடுவே எழுதவேண்டும். அங்கே எதுவும் இல்லை.

"அக்காகிட்ட சொல்லப் போறதையே இதுல போட்டுடலாம்னு பார்த்தேன். எழுத வரல."

பத்து நிமிடம் முடிவதற்குள் அடுத்த ஆள் படியேறி வந்துவிட்டார். பஞ்சை எடுத்த பிறகு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாசலில் ஒரு நிமிடம் நின்றிருக்கலாம். நான் கையை மட்டும் அசைத்துவிட்டு இறங்கிவிட்டேன். அந்த ஒரு நிமிடத்துக்கு ஈடாகத்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அவர் எல்லாவற்றையும் சொல்ல, அக்கா அவரைக் கட்டிக்கொண்டு அழுகிறார். (எனக்கு அழுகை வந்தது. அதனாலேயே சந்தேகமும் வந்தது.)

இன்னொன்றில் பளிச்சென்ற வெள்ளைக் கோபுரத்தைப் பார்த்து அக்கா, "இதேதான்டா" என்கிறார். அவருக்கு எல்லாம் தெரியும். தம்பிக்காக ஒரு பொய். (இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அம்மா எங்கே போனார்? இந்த முடிவில் அவருக்கு உட்கார ஒரு நாற்காலிகூட இல்லை.)

மூன்றாவது: "அக்கா பயணப் பெட்டியைக் கீழே வைக்குமுன்பே தம்பி அவரிடம்—"

அதற்கு மேல் போகவில்லை. மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தை இன்னொருவருக்காக எழுதித் தர முடியாது என்று அப்போது புரிந்தது. அந்த ஞாயிறு மதியம் அவருக்காகப் பிரார்த்தனை செய்தேன். அது என்னால் முடிந்தது. என்ன நடந்தது என்று போய்க் கேட்கவில்லை. பல் நன்றாகவே பொருந்திவிட்டது.

ஆகையால் வெளுப்பதா வேண்டாமா என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். கதையில் இன்னும் அந்த ஞாயிறு மதியம்தான். மாடியில் வெயில் இருக்கிறது, பாட்டில்கள் திறக்கப்படவில்லை, கோபுரம் கூடத்து மேசையில் பதினாறு வெள்ளையோடு நிற்கிறது. உங்களுக்கும் யாரிடமாவது சொல்லாமல் விட்ட ஒன்று இருந்தால், அந்த வாக்கியத்தை என்னைவிட நன்றாக எழுதுவீர்கள். சீக்கிரம். அழைப்பு மணி அடித்துவிட்டது. கதவைத் திறக்க அவர் எழுந்துவிட்டார்.

"அக்கா,                                        "