பெல்மிரோவுக்கு நான் போட்ட தொண்ணூறு

எஞ்சினியரம்மா லீஜியா போர்ட்டோ நகரத்திலிருந்து எங்கள் நாற்காலித் தொழிற்சாலைக்கு வந்தபோது ஒரே ஒரு தாள்தான் கொண்டுவந்தாள். எங்கள் பட்டறையில் நடக்கும் பதினோரு வேலைகளும் அதில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். இன்னும் ஐந்து வருடத்தில் இந்த வேலையை இயந்திரம் செய்துவிட நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று அதில் போட வேண்டும்.

முதலாளி குஸ்தோதியோ அவளை என்னிடம் அனுப்பினார். "அதேரிட்டோ மேஸ்திரிகிட்ட கேளுங்க. நான் விக்கிறவன், அவர் செய்யிறவர்" என்றார்.

எனக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. எங்கள் ஊர் ரெபோர்டோசாவில் அந்த ஒரே கூரையின் கீழ் இருபத்தெட்டு வருடம். நாற்காலியின் சட்டத்தைப் பூட்டி, ஆட்டம் இல்லாமல் நிறுத்துவது என் வேலை. கைப்பிடி பெல்மிரோவின் வேலை. அவன் என் தங்கை சுல்மிராவின் புருஷன். அவனை அங்கே சேர்த்துவிட்டவனும் நான்தான். எங்கள் நாற்காலி விற்றதே அந்த வால்நட் மரக் கைப்பிடிக்காகத்தான். மணிக்கட்டு படுகிற இடத்தில் அது மெல்ல வளைந்து கீழே இறங்கும். உட்கார்ந்தவர்கள் தங்களை அறியாமல் அதைத் தடவிக்கொண்டிருப்பார்கள்.

லீஜியா நல்ல பெண். எதையும் மறைக்கவில்லை. பட்டறையைச் சுற்றி வரும்போதே சொன்னாள்: "வெளிப்படையாவே சொல்றேன் மேஸ்திரி. இப்போதைக்கு ஒரு ரோபோதான் வாங்கப் போறாங்க. சட்டம் பூட்டவா, கைப்பிடி செதுக்கவான்னு இன்னும் முடிவாகல."

சட்டம் என்றால் நான். கைப்பிடி என்றால் பெல்மிரோ.

மற்ற ஒன்பது வேலைகளுக்கும் நேர்மையாகவே பதில் சொன்னேன். கடைசியில் இந்த இரண்டும் மிஞ்சின.

"சட்டம்?"

"ஒவ்வொரு மூட்டும் ஒவ்வொரு மாதிரிம்மா. இருபது போடுங்க."

"கைப்பிடி?"

"ஒரே வளைவுதானே. ஒரு நாளைக்கு முப்பது கைப்பிடி. வரைபடம் இருக்கு. தொண்ணூறு."

அவள் உடனே எழுதவில்லை. பெல்மிரோவின் மேசைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நடுநடுவுல நிறுத்தி கட்டைவிரலால தடவிப் பார்க்கிறாரே, அது எதுக்கு?"

எதற்கென்று எனக்குத் தெரியும். மரத்தின் ரேகை வளைவோடு சேர்ந்து திரும்பாமல் குறுக்கே வெளியே ஓடினால் அந்த இடம் பலவீனமாகிவிடும். அங்கே அவன் ஒரு நூல் அளவு தடிப்பு கூடுதலாக விடுவான். சில கட்டைகளைத் தலைகீழாகத் திருப்பிப் போடுவான். பத்தில் ஒன்றைத் தூக்கி எறிந்தே விடுவான். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். எந்த வரைபடத்திலும் அது கிடையாது.

"பழக்கம்" என்றேன்.

அவள் தொண்ணூறு என்று எழுதினாள்.

அன்று மத்தியானம் காபிக் கடையில் பெல்மிரோ என் தோளில் கையைப் போட்டான். "என்ன மச்சான், எல்லாரையும் அளந்து குடுத்துட்டியா? எனக்கு சவப்பெட்டி என்ன சைஸ்?"

"உன் வயித்துக்கு ரெண்டு பெட்டி வேணும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் காபிக்கும் சேர்த்து நான் காசு கொடுத்தேன்.

மார்ச் மாதம் கைப்பிடி செதுக்க ரோபோ வந்தது. கைப்பிடிப் பகுதியில் பெல்மிரோவோடு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த ஒலாவோ, வித்தோரினோ இருவரையும் சேர்த்து மூன்று பேரை வேலையை விட்டு அனுப்பினார்கள். பெல்மிரோ ஒவ்வொருவரிடமும் போய்க் கை குலுக்கினான். என்னிடம் வந்தபோது, "இடுப்பைப் பார்த்துக்கோ, குனிஞ்சு தூக்காத" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல பெல்மிரோ வீட்டில் சாப்பாடு. கருவாட்டில் நல்ல நடுத்துண்டை பெல்மிரோ எனக்கு வைத்தான். சுல்மிரா கேட்டாள்: "நீ முதலாளிகிட்ட இவருக்காகப் பேசியிருப்பியே, அண்ணா?"

"பேசினேன். கேக்கல" என்றேன். இரண்டாவது பொய் முதலாவதை விடச் சுலபமாக வந்தது.

பெல்மிரோ பக்கத்து ஊரில் ஒரு பெரிய கடையின் கிடங்கில் பெட்டி அடுக்கப் போனான். அதுகூடப் பரவாயில்லை. ஆனால் அவன் மரத்தையே தொடுவதில்லை என்று சுல்மிரா சொன்னாள். எதிர்வீட்டுக்காரர் அலமாரிக் கதவைக் கொண்டுவந்து கேட்டபோது, "வேற நல்ல ஆளாப் பார்த்துக் குடுங்க, எனக்கு அவ்வளவு தெரியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டானாம். "ஏன் அண்ணா அப்படிச் சொல்றாரு?" என்று கேட்டாள். நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்துகொண்டேன்.

செப்டம்பரில் கைப்பிடிகள் உடைய ஆரம்பித்தன. ஒரு ஓட்டலுக்கு இருநூற்று நாற்பது நாற்காலி அனுப்பியிருந்தோம். இரண்டு மாதத்தில் பதினேழு உடைந்தன. எல்லாம் ஒரே இடத்தில், அந்த வளைவில். ஒரு பெரியவர் கைப்பிடியை ஊன்றி எழுந்திருக்கையில் அது கையோடு வந்துவிட்டது. விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

முதலாளி மரக்கடைக்காரரைத் திட்டினார். லீஜியா வந்து ஒரு நாள் முழுக்க ரோபோவைச் சோதித்தாள். குறையே இல்லை. வரைபடத்தில் இருந்ததை அது மயிரிழை பிசகாமல் செய்திருந்தது.

அவர்கள் இருவரும் அலுவலக அறையில் உட்கார்ந்திருந்தபோது நான் உள்ளே போனேன். "பெல்மிரோ ஒரு நாளும் வரைபடத்தின்படி செஞ்சதில்ல" என்று தொடங்கி, கட்டைவிரல் விஷயத்தைச் சொன்னேன்.

லீஜியா பேனாவைக் கீழே வைத்தாள். "நான் உங்ககிட்ட இதைத்தானே கேட்டேன், மேஸ்திரி."

"கேட்டீங்க."

"பழக்கம்னு சொன்னீங்க."

"ஆமாம்மா. ஒரு ரோபோதான் வரும்னு சொல்லியிருந்தீங்க. அது அவன் பக்கம் போகட்டும்னு நெனச்சேன்."

முதலாளி எழுந்து கதவைச் சாத்தினார். திட்டுவார் என்று நின்றேன். "அவனை நீங்களே போய்க் கூப்பிடுங்க. நான் கூப்பிட மாட்டேன்" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம், உடைந்த கைப்பிடி ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். பெல்மிரோ முற்றத்தில் திராட்சைக் கொடியின் கீழே உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தான். கைப்பிடியை அவனிடம் நீட்டினேன். வாங்கி, கட்டைவிரலால் ஒரு முறை தடவினான்.

"ரேகை இங்க வெளிய ஓடுது. கொஞ்சம் தடிப்பா விட்டிருக்கணும். இதுகூடவா அங்க யாருக்கும் தெரியாது?"

"தெரியல. பதினேழு உடைஞ்சிருக்கு."

"உனக்குத் தெரியுமே, மச்சான்."

"தெரியும்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். தொண்ணூறு, இருபது, பழக்கம் என்று சொன்னது, முதலாளியிடம் பேசியதாகப் பொய் சொன்னது, இப்போது முதலாளி அவனைத் திரும்பக் கூப்பிடச் சொன்னது. வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த மன்னிப்பு வார்த்தைகள் மட்டும் வரவில்லை.

அவன் பீன்ஸ் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினான். "தொண்ணூறு எனக்குத் தெரியும். அந்தம்மா எல்லார்கிட்டயும் தாளைக் காட்டி, சரியான்னு கேட்டுத்தான் கையெழுத்து வாங்கினாங்க. நானும் போட்டேன்."

"ஏன் போட்ட? தப்புன்னு சொல்லியிருக்கலாமே."

"நீ போட்ட நம்பராச்சே. மரத்தைப் பத்தி உன்னைவிடத் தெரிஞ்சவன் எனக்கு யாரு? இத்தனை வருஷமா பெரிய வேலை பண்றேன்னு நானாத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன் போலன்னு தோணிச்சு. வெறும் தேய்க்கிற வேலைதான்னு."

அடிப்பான் என்று நினைத்துப் போயிருந்தேன். அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். இதற்கு இல்லை. இத்தனை மாதமாக, நான் அவன் வேலையைப் பறித்தேன் என்று மட்டும்தான் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தேன்.

சமையலறை வாசலில் சுல்மிரா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. "சாப்பிடக் கூப்பிடலாம்னு வந்தேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீ போயிட்டு வா."

பெல்மிரோ கைப்பிடியைத் திருப்பிக் கொடுத்தான். "வாரத்துக்கு மூணு நாள் வர்றேன்னு முதலாளிகிட்ட சொல்லுங்க. சம்பளம் நானே பேசிக்கறேன்." முப்பது வருடத்தில் அவன் என்னிடம் 'சொல்லுங்க' என்றது அதுதான் முதல் தடவை.

இப்போது ரோபோ ஓடுவதற்கு முன்னால் ஒவ்வொரு கட்டையையும் பெல்மிரோ பார்த்து, எந்தப் பக்கம் வைக்க வேண்டும், எங்கே தடிப்பு வேண்டும் என்று சாக்கட்டியால் குறிக்கிறான். லீஜியா அதற்கேற்ப இயந்திரத்தை மாற்றிவைக்கிறாள். வளைவை அவனே கையால் முடிக்கிறான். கைப்பிடி உடைவதில்லை. மரத்தைப் பற்றி ஏதாவது கேட்டால் என்னிடம் மரியாதையாகப் பதில் சொல்கிறான். வேறு எதுவும் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு என்னை யாரும் கூப்பிடுவதில்லை.

ஒலாவோவையும் வித்தோரினோவையும் யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. இயந்திரமே நன்றாகத் தேய்க்கிறது. ஒலாவோ லக்சம்பர்க்கில் கட்டட வேலைக்குப் போய்விட்டான். போன மாதம் சந்தையில் வித்தோரினோவைப் பார்த்தேன். முட்டைக்கோஸ் நாற்று வாங்கிக்கொண்டிருந்தான். அவனிடமும் நடந்ததைச் சொன்னேன். நாற்றுக் கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே முழுவதும் கேட்டான்.

"பெல்மிரோவுக்கு தொண்ணூறு போட்டீங்க, சரி. எங்களுக்கு எவ்வளவு போட்டீங்க?"

"உங்களுக்குன்னு தனியா கட்டம் இல்ல, வித்தோரினோ. நான் உங்க ரெண்டு பேரையும் நெனச்சே பார்க்கல."

அவன் தலையை ஆட்டினான். நாற்றுக்காரியிடம் இன்னொரு கட்டு கேட்டு வாங்கினான். அவன் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தபோது நானும் கூடவே போனேன். அவன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை.