கை என்ன சொல்லுது?

வந்தவர்களின் கையைப் பிடித்து மெத்தைக்குள் அழுத்தி, "கை என்ன சொல்லுது?" என்று கேட்பாள். அவள் வேலை பார்த்த மெத்தைக் கடையின் வியாபாரமே அந்த ஒரு கேள்வியில்தான் ஓடியது. கை மணிக்கட்டு வரை புதைந்துவிட்டால் முகம் மலர்ந்துவிடும், பிறகு பில் போடவேண்டியதுதான் பாக்கி. பதினான்கு வருடமாக நின்றே விற்றதில் அவளுக்குக் கால் வீங்கியதும், 'மெத்தக்கா' என்று பெயர் வந்ததும்தான் மிச்சம். நாள் முழுக்க மெத்தைகளுக்கு நடுவில் இருந்தும் ஒன்றில்கூட உட்காரக் கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம்.

திங்கட்கிழமை ஒரு கணவனும் மனைவியும் ஐந்து மாதக் கைக்குழந்தையோடு வந்தார்கள். இரண்டு பேருமே தூங்கி மாதக்கணக்காகியிருக்கும் போலிருந்தது. யாரோ கொடுத்த தொட்டில் கட்டிலுக்கு மெத்தை வேண்டுமாம். அளவு கேட்டதற்கு அந்த மனிதன் கையை விரித்து, இவ்வளவு நீளம், இவ்வளவு அகலம் என்று காற்றில் காட்டினான். மெத்தக்காவும் சளைக்கவில்லை. இருப்பதிலேயே மிருதுவானதை எடுத்துப் போட்டு அவன் கையை அழுத்தினாள். கை புதைந்தது. ஓரத்தில் இடைவெளி விழுந்தால் துண்டைச் சுருட்டிச் செருகிவிடுங்கள் என்று யோசனையும் சொன்னாள். பூப்போட்ட குட்டித் தலையணை ஒன்றையும் சேர்த்துத் தள்ளிவிட்டாள். கால் வலியில் அவளுக்கு அவர்கள் சீக்கிரம் போனால் போதும் என்றிருந்தது.

வியாழக்கிழமை அந்தப் பெண் மட்டும் தனியாக வந்தாள். தோளில் குழந்தை, கக்கத்தில் சுருட்டிய மெத்தை. இரண்டையும் எப்படித்தான் தூக்கி வந்தாளோ. சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று மெத்தக்கா இடுப்பில் கையை ஊன்றித் தயாரானாள். ஆனால் சண்டை போடவும் தெம்பு வேண்டுமே, அது வந்தவளிடம் இல்லை. மெத்தையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நேத்து மத்தியானம் படுக்க வெச்சுட்டு பால் பாட்டில் கழுவப் போனேன். வந்து பாத்தா குப்புறக் கவுந்து கிடக்கான். மூஞ்சி மெத்தைக்குள்ள புதைஞ்சிருக்கு. அழவே இல்லக்கா. அழறதுக்கும் மூச்சு வேணும்ல?"

மெத்தக்கா குனிந்து குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். "இப்ப..."

"நல்லா இருக்கான். டாக்டர் பாத்துட்டாரு. மொதத் தடவையா கவுந்தான்க்கா. அதப் பாத்து சந்தோஷப்படக்கூட முடியல எனக்கு."

மெத்தை கெட்டியாக, சமமாக இருக்க வேண்டும், கட்டிலுக்கு அச்சாகப் பொருந்த வேண்டும், அதில் துண்டு, தலையணை எதுவும் கிடக்கக் கூடாது, குழந்தையை மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். அதைச் சொல்லிவிட்டு அந்தப் பெண் கேட்டாள்:

"உங்க பிள்ளைங்கள இதுல படுக்க வெச்சிருப்பீங்களா?"

மெத்தக்காவின் பிள்ளைகள் இரண்டும் தரையில் மடித்துப் போட்ட கெட்டிப் போர்வையில் வளர்ந்தவை. மெத்தை வாங்க வக்கில்லையே என்று அந்த நாளில் அழுதிருக்கிறாள். இப்போது அதை நினைத்து நிம்மதி வந்தது. வந்த வேகத்திலேயே வெட்கமும் வந்தது.

அடுக்கின் அடியில் தூசி படிந்து கிடந்த கெட்டி மெத்தையை இழுத்தாள். அழுத்தினால் கை உள்ளே போகாது, அதனாலேயே அதை யாரும் சீந்தியதில்லை. அந்தப் பெண்ணின் கணவனுக்கு ஃபோன் போடச் சொல்லி, கட்டிலை உள்பக்கமாக டேப் வைத்து அளக்கச் சொன்னாள். கெட்டியில் அதே அளவை எடுத்துக் கட்டிக் கொடுத்தாள். மெத்தைக்கும் கட்டிலுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைந்தால்கூடத் திருப்பிக் கொண்டுவந்துவிடச் சொன்னாள். மன்னிப்பும் கேட்டாள். அந்தப் பெண் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் வேறொரு தம்பதி வந்தார்கள். மனைவிக்கு நிறைமாதம். குழந்தை மெத்தை என்று கேட்டதும், மிருதுவானதாகக் காட்டும்படி கல்லாவிலிருந்து முதலாளி குரல் கொடுத்தார். அதற்குள் அந்தக் கணவனே மிருதுவானதில் கையை அழுத்தி, "ஆஹா, என்னமா புதையுது!" என்றான்.

மெத்தக்கா அவன் கையை எடுத்து அந்தப் பக்கம் வைத்தாள். பதினான்கு வருடத்தில் முதல்முறையாக ஒரு மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். முதலாளி கனைத்தார். அவள் எழுந்திருக்கவில்லை.

"கையக் கேக்காதீங்க தம்பி. அது நம்ம சுகத்தச் சொல்லும். இதுல படுக்கப் போறது உங்க கை இல்ல, குழந்தையோட மூக்கு. நம்ம கண்ணுக்கும் கைக்கும் பிடிச்சதெல்லாம் குழந்தைக்கு நல்லதுன்னு நினைச்சுடக் கூடாது. நானும் அப்படி நினைச்சுதான் வித்தேன். வீட்டுக்குப் போயி மொதல்ல கட்டில அளந்துட்டு வாங்க."