சுவரில் மாட்டிய வசந்தாமணி

எடப்பாடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த மருந்துக்கடையில் அன்று காலையே வசந்தாமணியை வேலைக்கு வைத்துவிட்டார்கள். சுவரில். கண்ணாடிச் சட்டத்துக்குள்.

அவளுடைய பார்மசிஸ்ட் சர்டிபிகேட்டுக்கு மூலைக்கு மூலை சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, மல்லிகைச் சரமும் சாத்தியிருந்தார் முதலாளி கந்தவேல். முருகன் படத்துக்குக் காட்டிய சாம்பிராணியை அதற்கும் காட்டினார்.

புகை அடங்கும் முன் சர்டிபிகேட்டுக்குச் சொந்தக்காரியே வாசலில் வந்து நின்றாள். கஞ்சி போட்டு மொடமொடத்த வெள்ளைக் கோட்டு.

"அட, அம்மிணி! தலவலி மாத்திரை எதாச்சும் வேணுமா?"

"வேலைக்கு வந்திருக்கறனுங்க மாமா."

கந்தவேல் அவள் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. வயிறு குலுங்கச் சிரித்தார்.

"உன்னய ஆரு வரச் சொன்னா? படிச்சவங்க சர்டிபிகேட்டு கடையில இருக்கோணும். இருக்குது பாரு. மாசம் பொறந்தா சம்பளம் ஊட்டுக்கே வந்துரும். நீ ரேடியோ கேட்டுக்கிட்டு ஊட்ல இரு. உங்கப்பங்கிட்ட அப்பவே பேசியாச்சு."

"சட்டம் காயிதத்தைக் கேக்கலீங்க. ஆளக் கேக்குது."

"சுத்துப்பட்டுல எந்தக் கடையில அம்மிணி ஆளு நிக்குது? பொட்டப்புள்ள கடையில நின்னா நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?"

"வேலை கெடச்சிருச்சு சாமி" என்று அப்பா வந்து சொன்னபோது துள்ளிக் குதித்தவள் வசந்தாமணி. கோட்டுக்குக் கஞ்சி போட்டுக் காயவைத்த பிறகுதான், "நீ போகவேண்டியதில்ல" என்று மென்று விழுங்கினார். மெட்ராஸ் ஹாஸ்டலில் கண் விழித்துப் படித்தது ஊதுபத்தி வாசம் பிடிக்கத்தானா?

அப்போது குப்பாயி வந்தாள். களை வெட்டப் போகும் கூலிக்காரி. இடுப்பில் அனலாய்க் கொதிக்கும் மூன்று வயதுப் பிள்ளை.

"ஏனுங்க சாமி, முந்தாநேத்திருந்து புள்ள கண்ணே தொறக்கலீங்க."

கந்தவேல் பிள்ளையைத் திரும்பியும் பார்க்கவில்லை. அலமாரியிலிருந்து இரண்டு கேப்சூலை எடுத்து அவள் கையில் போட்டார். "பிரிச்சு, பாதிப் பொடியத் தேன்ல கொழச்சுக் குடு. பொழுதோட எந்திரிச்சு வெளையாடும்."

"குடுக்காதீங்க!" வசந்தாமணி போட்ட சத்தத்தில் பிள்ளையே கண்ணைத் திறந்தது. "அது டெட்ராசைக்ளின். இந்த வயசுல குடுத்தா மொளைக்கற பல்லெல்லாம் கறை புடிச்சு வரும். எலும்புக்கும் ஆகாது. அக்கா, மொதல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க."

குப்பாயி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இது ஆருங்க சாமி?"

"நம்ம சொந்தக்காரப் புள்ள. பட்டணத்துல படிச்ச திமிரு. நீ போ."

"செரிங்க சாமி." குப்பாயி கேப்சூலை முந்தானையில் முடியப் போனாள்.

அந்த 'செரிங்க'தான் வசந்தாமணியைச் சுட்டது. அவள் பெயருக்குப் பூ உண்டு, புகை உண்டு. அவள் பேச்சுக்கு ஒரு நாயும் காது கொடுக்காது!

விறுவிறுவென்று பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினாள். சரத்தைப் பிய்த்து எறிந்தாள். சட்டத்தைக் கழற்றிக்கொண்டு இறங்கினாள்.

"ஏய், அதத் தொடாத!"

"எம்படிப்பு. நாந்தான் தொடோணும்." வாசற்படியில் உட்கார்ந்து சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டாள். "இப்ப இந்தக் கடையில பார்மசிஸ்ட் இல்லீங்க. இனி ஒரு மாத்திரை வித்தாலும் அடுத்த பஸ்ஸப் புடிச்சு சேலம் போயி, மருந்து இன்ஸ்பெக்டர்கிட்ட நானே சொல்லீருவேன்."

சந்தை நாள். கூட்டம் கூடக் கேட்கவா வேண்டும்? மூட்டையும் முடிச்சுமாய் நின்ற கூட்டத்திலிருந்து ஒருத்தன் குரல் விட்டான். "ஏனுங்க மொதலாளி, பூசை போட்ட சாமி எந்திரிச்சு வந்துருச்சாட்ட இருக்குது!"

சிரிப்பு அடங்க நேரமானது. கந்தவேலுக்கு வேர்த்துவிட்டது. கடை லைசென்ஸே அந்தச் சர்டிபிகேட்டை நம்பித்தான். குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி பல்லைக் கடித்தார்.

"ஊட்டு மானத்தை வாங்காத. உங்கப்பனக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடுங்க. அவரு பார்மசி படிக்கலீங்க."

"இப்ப என்னதாண்டி வேணும் உனக்கு?"

"உள்ள எடம்."

கந்தவேல் கூட்டத்தைப் பார்த்தார். சேலம் பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்தார். பிறகு, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், உள்ளே போகும் வழியை அடைத்திருந்த பலகையைத் தூக்கிவிட்டார்.

வசந்தாமணி உள்ளே போனாள். உட்கார ஒரு ஸ்டூல்கூட யாரும் போடவில்லை. நின்றாள். குப்பாயியிடம் கையை நீட்டினாள்.

"அந்தக் கேப்சூலைக் குடுங்க. டாக்டரு சீட்டு வாங்கியாங்க, நானே மருந்து தாரேன்."

குப்பாயி திருதிருவென்று முதலாளியின் முகத்தைப் பார்த்தாள்.

"அங்க என்ன பார்வை? இங்க பாருங்க அக்கா. இங்க!"