மை ஒட்டாத இடம்

அந்தப் பத்திரிகையின் இரண்டாம் பக்கத்தில், இடது மூலையில், உள்ளங்கையளவு இடத்தில் ஏழு மாதம் மை ஒட்டவில்லை. மையை மாற்றினார்கள், காகிதத்தை மாற்றினார்கள். மெக்கானிக் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் டீ குடித்துவிட்டு, மெஷின் தங்கமாக ஓடுகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த இடத்தில் ஒரு செருப்புக்கடை விளம்பரம் போட்டுப் பார்த்தார்கள். பக்கம் முழுவதும் பளிச்சென்று விழுந்தது, செருப்புக்கடை மட்டும் வெள்ளையாக வந்தது. வாசகர்கள் முதலில் திட்டினார்கள், பிறகு பழகிப்போய் அதில் மளிகைச் சாமான் பட்டியல் எழுதிக்கொண்டார்கள்.

அது எந்தச் செய்தியின் அளவு என்று மெய்ப்புத் திருத்துகிற அக்காவுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. பேட்டரி கம்பெனிக்குப் பின்தெருவில் குழாய்த் தண்ணீரில் ஈயம் கலந்திருக்கிறது, பதினொரு குழந்தைகள் நோயில் கிடக்கிறார்கள் என்ற செய்தி. அதில் இரண்டு பிழை திருத்தி அனுப்பியவள் அவள்தான். ஆனால் கடைசிப் பக்கம் முழுவதும் தினமும் அதே கம்பெனியின் விளம்பரம். முதலாளி கெட்டவர் அல்ல. செய்தியை இரண்டு முறை படித்தார். "அவங்க போயிட்டா நாப்பது குடும்பத்துக்கு நான் என்னம்மா பதில் சொல்றது? கொஞ்சம் பொறுத்துப் போடலாம்" என்றார். நாற்பதில் அக்காவின் குடும்பமும் ஒன்று. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

வாடகை குறைவென்று அவள் குடியிருந்ததும் அந்தப் பின்தெருவில்தான். அன்றிலிருந்து ஆபீஸ் தண்ணீரைக் கேனில் பிடித்து பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுபோனாள். பக்கத்து வீட்டுக்காரியிடமும் விஷயத்தைச் சொன்னாள். "அப்படி இருந்தா உங்க பேப்பர்லயே வந்திருக்குமேக்கா" என்று சிரித்துவிட்டு, அந்தப் பெண் தன் மகளுக்கு அதே குழாயில் ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்தாள். அக்கா தன் கேனிலிருந்து தினமும் ஒரு சொம்பு கொடுத்துப் பார்த்தாள். ஒரு சொம்பு எந்த மூலைக்குக் காணும்? ஏழாம் மாதம் அந்தச் சிறுமி இறந்துபோனாள்.

மறுநாள் அக்கா அந்தச் செய்தியின் பழைய மெய்ப்பை எடுத்துக்கொண்டு நேராக முதலாளி அறைக்குப் போனாள். "கடைசில ஒரு வரி சேத்திருக்கேங்க. சரியா இருக்கான்னு பாத்துருங்க" என்று மேஜைமேல் வைத்தாள். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தவர், மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை. "போடும்மா" என்றார்.

செய்தி அதே மூலையில் அச்சானது. ஏழு மாதம் மை படாத இடத்தில் எழுத்து கறுகறுவென்று விழுந்தது. சிறுமி இறந்ததைச் சொன்ன அந்தக் கடைசி வரி மட்டும் விழவில்லை. மூன்று முறை ஓட்டிப் பார்த்தும் விழவில்லை. கம்பெனி விளம்பரத்தை நிறுத்தியது, பன்னிரண்டு பக்கம் எட்டாகச் சுருங்கியது, முதலாளி மாடியை வாடகைக்கு விட்டார். நாற்பது பேரும் குறைந்த சம்பளத்துக்கு முணுமுணுத்துக்கொண்டே வேலைக்கு வந்தார்கள். பின்தெருவுக்கு லாரியில் நல்ல தண்ணீர் வர ஆரம்பித்தது.

எந்தச் செய்தி போட்டாலும், அந்த ஒரு வரியின் இடம் இன்றும் வெள்ளையாகத்தான் வருகிறது. யாரும் மெக்கானிக்கைக் கூப்பிடுவதில்லை. பெரிய விளம்பரம் ஏதாவது வந்தால், முதலாளி அன்றைய இரண்டாம் பக்கத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் பேச உட்காருகிறார். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்குப் பக்கம் அமைக்கச் சொல்லிக்கொடுக்கும்போது, அந்த வரிக்கு முதலில் இடம் விட்டுவிட்டு மற்றதைத் தொடங்கச் சொல்கிறார்கள்.