அடித்தாளில் இறங்காத ரேகை

கலெக்டர் கச்சேரிக்கு எதிர்த்த வேப்பமரத்தடியில் அன்றைக்கு நான்கு பேர் இருந்தார்கள். டைப்பு மிஷினுக்கு நேரே முக்காலியில் யூனுஸ் ராவுத்தர், மனு அடித்துக் கொடுப்பவர். அவருக்கு வலப்புறம் பெஞ்சில் விருமாண்டியும், அவனை ஒட்டினாற்போல் முத்திருளனும். பெஞ்சில் இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருந்தது. ஆனாலும் விருமாண்டியின் அண்ணன் பெஞ்சாதி சீனியம்மாள் மரத்து வேரில்தான் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து பார்த்தால் மிஷினுக்குள் போகும் தாள் நன்றாகத் தெரிந்தது.

மூவரும் அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வாய்க்கால் கரையைச் செப்பனிட வந்த ஓவர்சியர் ஆட்கள் மடையை மண் போட்டு அடைத்தார்கள். வேலை முடிந்தும் திறக்கவில்லை. ஆண்கள் இரண்டு பேருக்கும் கிணறு உண்டு, ஒப்பேற்றிவிடுவார்கள். சீனியம்மாளுக்கு அந்த மடையை விட்டால் வேறு தண்ணீர் இல்லை. கதிர் பால் பிடிக்கிற நேரம். இன்னும் ஒரு வாரம் காய்ந்தால் அறுக்கப் போக வேண்டியதில்லை, மாட்டை விட்டு மேய்க்கலாம்.

யூனுஸ் தாளை உருவினார். ஒரு தாள் இல்லை, மூன்று. நடுநடுவே கறுப்புக் காகிதம்.

“ஒரு தடவதானே தட்டுனீக?” என்றான் முத்திருளன்.

“இதுக்குப் பேரு கார்பன் காப்பி. மேல தட்டுறது அம்புட்டும் அடியிலயும் விழும். மேல் தாள் ஓவர்சியருக்கு. அடுத்தது கலெக்டர் துரைக்கு.”

விருமாண்டிக்கு அது பொறுக்கவில்லை. “என்ன ராவுத்தரே, மரியாதை தலைகீழா இருக்கு? சின்ன ஆளுக்குப் பளிச்சுன்னு ஒண்ணு, துரைக்கு மங்கலா ஒண்ணா? எங்க ஊர்ல இப்படிப் பரிவட்டம் கட்டினா வெட்டுக்குத்து ஆயிரும்.”

“வேலையைச் செய்ய வேண்டியவனுக்கு மேல் தாள். செய்யுறானான்னு பாக்க வேண்டியவருக்குக் காப்பி. கடைசி வரியில ‘காப்பி கலெக்டருக்கு’ன்னு அடிச்சிருக்கேன் பாருங்க. ஓவர்சியர் மத்த வரியைப் படிப்பாரோ மாட்டாரோ, அந்த வரியப் படிச்சிருவாரு.”

முத்திருளன் தொடையில் தட்டிச் சிரித்தான். “மாப்ள, அப்ப மனுவே அந்த ஒரு வரிதான்!”

பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. யூனுஸ் தாள்களை அடுக்குக் குலையாமல் மேஜைமேல் வைத்து, ஊதா மைப் பென்சிலையும் ரேகை மைப் பெட்டியையும் பக்கத்தில் வைத்தார். “தொழுதுட்டு வாரேன். அதுக்குள்ள போட்டு வைங்க. நல்லா அழுத்திப் போடுங்க, அடித்தாள் வரைக்கும் இறங்கணும்.”

விருமாண்டி மூன்றாம் வகுப்புவரை படித்தவன். நாக்கைக் கடித்துக்கொண்டு பேரெழுதிவிட்டு, தாளைத் தூக்கிப் பார்த்தான். அடியில் அவன் பேர் அப்படியே இறங்கியிருந்தது. முத்திருளன் பேரும் இறங்கியது.

சீனியம்மாள் அதைப் பார்த்துக்கொண்டாள். கட்டைவிரலில் மை தொட்டு, தாளில் வைத்து, இடது கையை அதன்மேல் கொடுத்து, உடம்புப் பாரம் முழுவதையும் இறக்கினாள். மேஜை முனகியது.

“மதினி, ராவுத்தர் பிழைப்பு ஒடிஞ்சிரப் போவுது,” என்றான் முத்திருளன்.

“அழுத்தத்தானே சொன்னாரு?”

யூனுஸ் வந்து தாள்களைப் பிரித்தார். மேல் தாளில் கொட்டைப் பாக்கு அளவுக்கு ஒரு மைத்திட்டு. அடித்தாள்கள் இரண்டிலும் அவள் பேருக்கு எதிரே லேசான கறுப்புத் தீற்றல், அவ்வளவுதான். கோடு ஒன்றுகூட இல்லை.

“நாந்தான் சொல்லிட்டுப் போயிருக்கணும். எழுத்துதான் இறங்கும். ரேகை இறங்காது.”

“ஆகட்டும், அனுப்புங்க,” என்றான் விருமாண்டி. “மதினி எங்க வீட்டு ஆளுதானே. நான் போட்டா அவுக போட்ட மாதிரிதான்.”

தை மாதம் புருஷன் செத்துப்போனதிலிருந்து இந்த ‘மாதிரி’யை அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வைகாசியில் பட்டா அவள் பேருக்கு மாறியது. அதற்குப் பிறகும் விருமாண்டி ஊரில் ‘எங்க வயல்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

“அதுல என் பேரு இருக்கா?” என்று யூனுஸைக் கேட்டாள்.

“பேரு இருக்கு. கைதான் இல்ல.”

“கை இல்லாம பேரு மட்டும் இருந்தா துரை என்ன நெனப்பாரு?”

யூனுஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இந்தம்மா சேரலைன்னு நெனக்கலாம். இல்ல, ஆளே இல்லைன்னும் நெனக்கலாம். விசாரிச்சு எழுதுன்னு ஒரு தாள் கீழ வரும், அதுக்குப் பதில் மேல போகும். அது ஒரு மாசம்.”

“கதிர் ஒரு மாசம் நிக்காது. மூணுலயும் வைக்கிறேன், குடுங்க.”

“எங்களுக்கு ஒரு தடவ, உங்களுக்கு மூணு தடவையா?” என்றான் முத்திருளன்.

“நீங்க ரெண்டு பேரும் துரைகிட்ட நெழலாத்தானே போறீக. நான் ஆளாப் போறேன்.”

யூனுஸ் அவள் விரலைப் பிடித்து, மிதமாக மை தொட வைத்து, இடமிருந்து வலமாக உருட்டிக் காட்டினார். மேல் தாளில் திட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று, அடித்தாள்களில் ஒவ்வொன்று. மூன்றிலும் சுழி தெளிவாக விழுந்தது. ஒவ்வொன்றின் கீழும் ‘சீனியம்மாள் ரேகை’ என்று எழுதினார்.

“மூணாவது யாருக்கு?” என்று கேட்டாள்.

“அது உங்க கையில இருக்கணும். மனுவே வரலைன்னு சொன்னா காட்டறதுக்கு.”

விருமாண்டி கையை நீட்டினான். யூனுஸ் தாளை மடித்தபடியே, “பட்டா யார் பேர்ல?” என்றார்.

“என் பேர்ல,” என்றாள் சீனியம்மாள். தாள் அவள் முந்தானைக்குப் போனது.

உறைகள் இரண்டிலும் விலாசம் எழுதியாயிற்று. ஒன்றில் இருந்தது எதிரே தெரிகிற கச்சேரியின் விலாசம்.

“ரோட்டைத் தாண்டினா கச்சேரி. அதுக்குத் தபாலா?” என்றான் முத்திருளன்.

“கையில கொண்டு போனா வாசல்ல நிக்கும். தபால்ல போனா மேஜைக்குப் போகும்.”

யூனுஸ் கோந்து தடவினார். மை காய்ந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் சீனியம்மாள் துரையின் தாளை உள்ளே வைக்க விட்டாள். உறையில் கறை படாமல் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு, மற்ற நான்கு விரல்களாலும் மடிப்பை அழுத்தி ஒட்டினாள். தபாலாபீசில் குமாஸ்தா உறைகளை வாங்கி, முத்திரை குத்தி, பின்னால் இருந்த பைக்குள் போட்டார்.