மணிமொழிக்கு எட்டு மாதம்

எறையூரில் அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அண்ணன் மனைவி வீரம்மாளுக்கு நாலு வயது மகன் அறிவரசன். தம்பி மனைவி அனுசுயாவுக்கு எட்டு மாதக் குழந்தை மணிமொழி.

அறிவரசனுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட முதல் தடுப்பூசியில் காய்ச்சல் வந்தது. தொடை வீங்கி விடிய விடிய அழுதான். அதற்குப் பிறகு வீரம்மாள் அவனை ஊசிக்குக் கொண்டுபோகவே இல்லை. ஊர் நர்ஸம்மா வந்து கூப்பிட்டபோதெல்லாம், "நல்லாத்தானே இருக்கான்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

சிறுவாச்சூர் கோயிலுக்குப் போய்வந்த கொஞ்ச நாளில் பையனுக்குக் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு. பிறகு காதோரத்தில் தொடங்கி உடம்பெல்லாம் சிவந்து தடித்தது. மணல்வாரி என்கிற தட்டம்மை. வாசலில் வேப்பிலை செருகினார்கள். அதுவரை மணிமொழி அவன் பக்கத்திலேயேதான் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

விஷயம் தெரிந்து நர்ஸம்மா ஓடிவந்தார். "பாப்பாவுக்கு ஒன்பது மாசம் முடிஞ்சாத்தான் மணல்வாரி ஊசி. ஆனா வீட்டுல வந்துட்டதால இப்பவே போட்டுடலாம். முன்னமே தொத்தியிருந்தா தடுக்குமான்னு சொல்ல முடியாதும்மா."

அனுசுயா அன்றைக்கே குழந்தைக்கு ஊசி போட்டுத் தூக்கி வந்தாள். ஆனால் தொற்று முந்திக்கொண்டது. அறிவரசன் எழுந்து விளையாட ஆரம்பித்த நேரத்தில் மணிமொழிக்குக் காய்ச்சல் கண்டது. அம்மை இறங்கி நுரையீரலில் சளி கட்டியது. பெரம்பலூர் அரசு ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு உள்ளே போய்வந்தது. அனுசுயா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாப்பாடு எடுத்து வந்த வீரம்மாளிடம் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வார்டுக்கு வந்த டாக்டரிடம் வீரம்மாள்தான் கேட்டாள்.

"எம்புள்ளைக்கு ஊசி போட்டிருந்தா இவளுக்கு வந்திருக்காதுங்களா?"

"அநேகமா வந்திருக்காதும்மா" என்றார் டாக்டர். "தடுப்பூசி கிருமியை உடம்புக்கு முன்கூட்டியே அடையாளம் காட்டிடும். நெசமா வரும்போது உடம்பு உடனே எதிர்த்துடும். இவளுக்கு ஊசி போடுற வயசே வரல. வயித்துல இருந்தப்ப அம்மாகிட்டேருந்து வந்த எதிர்ப்புச் சக்தியும் இப்ப கொறஞ்சிருக்கும். இந்த இடைவெளியில சுத்தி இருக்குறவங்க போட்டிருந்தாத்தான் இவளுக்குக் காவல்."

வீரம்மாள் தலை குனிந்து நின்றாள். "பையனுக்கு இனிமே வேணாம்தானே? வந்து போயிருச்சே."

"மணல்வாரி மறுபடி வராதுதான். ஆனா தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், காயத்துல வர்ற ரணஜன்னி எல்லாத்துக்கும் ஊசி பாக்கி இருக்கு. அதோட, இந்த அம்மை வந்துட்டுப் போனா, மத்த கிருமிங்களப் பத்தி உடம்பு தெரிஞ்சு வச்சிருந்ததுல கொஞ்சம் மறந்துகூடப் போயிடும்."

வீரம்மாள் அடுத்த புதன்கிழமை அறிவரசனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். விடுபட்ட ஊசிகளில் முதல் ஊசியைப் போட்டார்கள். அவன் திமிறியபோது மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மணிமொழிக்கு மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. பால் இழுத்துக் குடித்த அன்று அனுசுயா சுவரில் சாய்ந்து கொஞ்சம் அழுதாள். வீடு திரும்பியபோது குழந்தை பாதியாக இளைத்திருந்தாள்.

வாசலில் வீரம்மாள் நின்றாள். "குடு, நான் வச்சிருக்கேன். நீ போயிக் குளிச்சுட்டு வா."

அனுசுயாவுக்கு மனசு ஆறியிருக்கவில்லை. ஆனாலும், "இன்னும் சோர்வா இருக்கா, தலையைத் தாங்கிப் பிடிங்கக்கா" என்று சொல்லிக் குழந்தையைக் கொடுத்தாள்.